கைமாறி வரும் குழந்தைப் பொருள்கள்: வாங்கும் முன் வீட்டில் செய்ய வேண்டிய சோதனை

சென்ற கோடையில் ஒரு மாலை, புறநோயாளிகள் பிரிவை முடித்து எழும் நேரத்தில், ஒன்பது மாதக் குழந்தை ஒன்றைத் தோளில் போட்டுக்கொண்டு ஒரு பாட்டியும் தாயும் விரைந்து வந்தனர். வாக்கரில் ஓடிக்கொண்டிருந்த குழந்தை, திண்ணையின் விளிம்பைத் தாண்டி வண்டியோடு தெருவில் விழுந்திருந்தது. நெற்றியின் இடப்பக்கம் வீங்கியிருந்தது; வழியில் ஒருமுறை வாந்தியும் எடுத்திருந்தது. நல்வாய்ப்பாக மூளையில் இரத்தக்கசிவு இல்லை. இரண்டு நாள் கண்காணிப்புக்குப் பின் குழந்தை நலமாக வீடு திரும்பியது.

அந்த இரண்டு நாளும் பாட்டி ஒரே வாக்கியத்தைத் திரும்பத் திரும்பச் சொன்னார்: "நாலு புள்ளைக இதுலதான் ஓடுச்சுக டாக்டர் ஐயா. ஒண்ணுக்கும் ஒண்ணும் ஆகல. இந்தப் புள்ளைக்கு மட்டும் ஏன் இப்படி?"

அந்த வாக்கரைக் கொண்டுவரச் சொல்லிப் புரட்டிப் பார்த்தேன். படியின் விளிம்பில் வண்டி வழுக்காமல் பிடித்து நிறுத்துவதற்காக அடியில் ஒட்டப்பட்டிருந்த ரப்பர் பட்டைகள் உதிர்ந்துபோய், அவை இருந்த தடம் மட்டும் எஞ்சியிருந்தது. எச்சரிக்கை அச்சிட்ட தாள் வெளிறி, ஓர் எழுத்தும் படிக்க இயலாத நிலையில் இருந்தது. முதல் குழந்தை ஓட்டிய வண்டியும் ஐந்தாம் குழந்தை ஓட்டிய வண்டியும் பார்வைக்கு ஒன்றுதான். ஆனால், பாதுகாப்பில் அவை இரண்டும் வெவ்வேறு பொருள்கள். பாட்டியின் கேள்விக்கு விடை அதுவே.

காரியாபட்டி வட்டாரத்தில் குழந்தைப் பொருள்கள் கைமாறுவது புதிதன்று. வானம் பார்த்த பூமியில் எதையும் வீணாக்காமல் வாழ்ந்த மக்கள் நாம். பிறந்த குழந்தையைப் பழைய மெல்லிய வேட்டியில் பொதிவதும், அக்காள் மகன் படுத்த தொட்டிலைத் தங்கை மகளுக்குக் கொண்டுவருவதும் நம் உறவின் அடையாளங்கள். அந்த வழக்கத்தைக் குறைகூற இக்கட்டுரை எழுதப்படவில்லை. எந்தப் பொருளை மனநிறைவோடு பெற்றுக்கொள்ளலாம், எதைச் சோதித்துப் பெற வேண்டும், எதை அன்போடு மறுக்க வேண்டும் என்பதை விளக்குவதே நோக்கம்.

சட்டம் என்ன சொல்கிறது?

இந்தியாவில் விற்கப்படும் பொம்மைகளுக்கு நெடுங்காலமாகத் தரநிர்ணயம் இருந்தபோதிலும், அதனைப் பின்பற்றுவது கட்டாயமாக இருக்கவில்லை. 2019இல் இந்தியத் தரக் குழுமம் தில்லிப் பகுதிக் கடைகளில் வாங்கிச் சோதித்த இறக்குமதிப் பொம்மைகளில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு பாதுகாப்புச் சோதனைகளில் தேறவில்லை. இதன் பின்னர் மத்திய அரசு 2020 பிப்ரவரியில் பொம்மைகள் தரக்கட்டுப்பாட்டு ஆணையை வெளியிட்டது. அது 2021 ஜனவரி 1 முதல் நடைமுறையில் உள்ளது. அதன்படி, 14 வயதுக்குட்பட்ட குழந்தைகள் விளையாடுவதற்கான பொம்மை எதுவாயினும் ஐ.எஸ்.ஐ. முத்திரை பெற்றிருத்தல் வேண்டும். முத்திரையில்லாத பொம்மையைத் தயாரிப்பதும், இறக்குமதி செய்வதும், விற்பதும், விற்பனைக்கு வைத்திருப்பதும் 2016ஆம் ஆண்டின் இந்தியத் தர நிர்ணயப் பணியகச் சட்டப்படி குற்றம். 2023 ஜனவரியில் நாட்டின் பெரிய வணிக வளாகங்களிலும் விமான நிலையக் கடைகளிலும் நடந்த சோதனைகளில் இத்தகைய பொம்மைகள் 18,000க்கும் மேல் பறிமுதல் செய்யப்பட்டதைச் செய்தித்தாள்களில் படித்திருப்பீர்கள்.

பதிவுபெற்ற கைவினைஞர்கள் செய்து விற்கும் பொம்மைகளுக்கும், தஞ்சாவூர்த் தலையாட்டி பொம்மை போன்ற புவிசார் குறியீடு பெற்றவற்றுக்கும் இந்த ஆணையிலிருந்து விலக்கு உண்டு. எனவே அவற்றில் முத்திரை இல்லையென்றால் அது குற்றமாகாது.

ஐ.எஸ்.ஐ. முத்திரையைப் படிப்பது எளிது. முத்திரையின் மேலே ஐ.எஸ். 9873 என்ற எண் இருந்தால் அது சாதாரணப் பொம்மை, ஐ.எஸ். 15644 என்றிருந்தால் அது மின்சாரத்திலோ பேட்டரியிலோ இயங்கும் பொம்மை. முத்திரையின் கீழே சி.எம்./எல். என்ற எழுத்துகளோடு உரிம எண் ஒன்று இருக்கும். கைப்பேசியில் 'பி.ஐ.எஸ். கேர்' என்னும் செயலியைத் திறந்து அந்த எண்ணை உள்ளிட்டால், உரிமம் யாருடையது, அது இப்போது செல்லுபடியாகிறதா என்பது உடனே தெரியும். போலி முத்திரையைக் கண்டுபிடிக்க இதுவே எளிய வழி.

சட்டம் எட்டாத இடம்

இந்தச் சட்டத்தின் கை தொழிற்சாலை வரை நீள்கிறது. துறைமுகம் வரை, கடை வரை நீள்கிறது. ஓர் உறவினர் வீட்டிலிருந்து மற்றோர் உறவினர் வீட்டுக்கு ஒரு பொம்மை அன்பளிப்பாகச் செல்லும்போது அதனைச் சோதிக்க எந்த அலுவலரும் வருவதில்லை. 2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், குறைபாடுள்ள பொருளால் தீங்கு நேர்ந்தால் தயாரிப்பாளரையும் விற்பனையாளரையும் பொறுப்பாக்குகிறது. ஆனால் அச்சட்டத்தில் நுகர்வோர் என்பவர் விலை கொடுத்து வாங்கியவர்; விற்பனையாளர் என்பவர் அதனைத் தொழிலாகச் செய்பவர். பெரியம்மா வீட்டிலிருந்து வந்த தொட்டிலுக்கு இந்த இரண்டும் பொருந்தா. குறைபாடு கண்டு ஒரு நிறுவனம் தன் பொருளைத் திரும்பப் பெற்றாலும், அந்த அறிவிப்பு முதலில் வாங்கியவரை எட்டினால் அதுவே பெரிது. மூன்றாவது வீட்டை அது எட்டுவதில்லை.

இன்னொன்றையும் நினைவில் கொள்ள வேண்டும். முத்திரை என்பது அந்தப் பொருள் தொழிற்சாலையிலிருந்து வெளிவந்த நாளில் அதன் வகை எந்த நிலையில் இருந்தது என்பதற்கான சான்று. அதன் பின்னர் வெயிலில் கிடந்து வெடித்ததையும், திருகாணி தொலைந்ததையும், பட்டை உதிர்ந்ததையும் அது அறியாது. ஆகவே 2021க்கு முன் வாங்கிய பொம்மையில் முத்திரை இல்லையென்றால் அது கட்டாயம் ஆபத்தானது என்று பொருளன்று. சோதிக்கப்பட்டதற்குச் சான்று இல்லை என்றே பொருள். முத்திரை இருப்பதாலேயே பழைய பொம்மை பாதுகாப்பானது என்றும் பொருளன்று.

சில நாடுகளில் சட்டம் பழைய பொருள்களையும் தொடர்கிறது. கனடா 2004 ஏப்ரலில் குழந்தைகளின் சக்கர வாக்கரை முற்றிலும் தடை செய்தது. வீட்டு வாசலில் வைத்துப் பழைய வாக்கரை விற்பதும் அங்கே குற்றம். அமெரிக்காவில் 2008இல் இயற்றப்பட்ட சட்டம், குழந்தைப் பொருள்களில் ஈயத்தின் அளவைக் கடுமையாகக் குறைத்தபோது, பழைய பொருள் விற்கும் கடைகளையும் விட்டுவைக்கவில்லை. அக்கடைகள் ஒவ்வொரு பொருளையும் சோதிக்க வேண்டியதில்லை. ஆயினும் வரம்பை மீறிய பொருளை விற்கக் கூடாது என்று விளக்கம் அளிக்கப்பட்டது. பக்கவாட்டுத் தடுப்பை மேலும் கீழும் இறக்கும் வகைக் கட்டில்தொட்டிலில், 2000ஆம் ஆண்டுக்குப் பின் குறைந்தது 32 குழந்தைகள் சிக்கி இறந்ததை அடுத்து, 2011 ஜூன் 28 முதல் அங்கே அந்த வகையைப் புதிதாகவோ பழையதாகவோ விற்க முடியாது. வெளிநாட்டில் வாழும் உறவினர் தம் குழந்தை பயன்படுத்திய பொருள்களைப் பெட்டியில் கொண்டுவந்து கொடுக்கும்போது இச்செய்தி பயன்படும். 'அயல்நாட்டுச் சாமான்' என்ற பெயர் மட்டும் பாதுகாப்பாகிவிடாது.

நம் வீடுகளில் அத்தகைய சட்டக் காவல் இல்லாத நிலையில், அந்தச் சோதனை அலுவலரின் வேலையைத் தாயும் தந்தையும் தாத்தா பாட்டியுமே செய்ய வேண்டியிருக்கிறது. அது கடினமான வேலையன்று. எதைப் பார்க்க வேண்டும் என்று தெரிந்தால் போதும்.

வாக்கர்: அன்போடு மறுக்க வேண்டிய பொருள்

வாக்கர் நடக்கக் கற்றுத்தரும் என்பது பரவலான நம்பிக்கை. உண்மை அதற்கு மாறானது. தவழ்ந்து, பிடித்து எழுந்து, விழுந்து, மீண்டும் எழும்போதுதான் குழந்தையின் இடுப்பும் காலும் சமநிலையைக் கற்கின்றன. வாக்கரில் அமர்ந்து கால்விரலால் உந்தி ஓடும் குழந்தைக்கு அந்தப் பயிற்சி கிடைப்பதில்லை. நடை தாமதமாவதும் உண்டு. அதைவிடக் கவலைக்குரியது அதன் வேகம். ஒரு நொடியில் மூன்று அடிக்கு மேல் அது ஓடிவிடும். தாய் எட்டிப் பிடிப்பதற்குள் குழந்தை படிக்கட்டையோ, அடுப்பையோ, தண்ணீர் நிறைந்த அண்டாவையோ அடைந்திருக்கும். மேசைமேல் இருக்கும் சூடான தேநீரும் கைக்கு எட்டும்.

அமெரிக்காவில் 1990 முதல் 2014 வரை 15 மாதத்துக்குட்பட்ட 2,30,000க்கும் மேற்பட்ட குழந்தைகள் வாக்கர் விபத்துகளால் அவசரச் சிகிச்சைப் பிரிவுக்குக் கொண்டுவரப்பட்டதாக ஓர் ஆய்வு கணக்கிட்டது. அவர்களில் பத்தில் ஒன்பது பேருக்கு அடிபட்டது தலையிலும் கழுத்திலும். ஏறத்தாழ நான்கில் மூவர் படிகளில் உருண்டவர்கள். 2010இல் அங்கே கட்டாயத் தரவிதி வந்த பின் நான்கு ஆண்டுகளில் காயங்கள் ஏறத்தாழ 23 விழுக்காடு குறைந்தன. விதி பயனளித்தது, ஆனால் காயங்கள் நின்றுவிடவில்லை. மேற்பார்வை இருக்கும்போதே இவ்விபத்துகள் நிகழ்கின்றன என்பதால், குழந்தை மருத்துவர்கள் புதிய வாக்கரையும் பரிந்துரைப்பதில்லை. இந்தியாவில் வாக்கருக்குத் தடை இல்லை. எனவே முடிவு நம் கையில் இருக்கிறது.

இங்கே என் தவறு ஒன்றையும் சொல்ல வேண்டும். பட்டமேற்படிப்பு படித்துக்கொண்டிருந்த காலத்தில், என் மூத்த மகள் ஓட்டிய வாக்கரைத் துடைத்துப் பொட்டலமாகக் கட்டி என் தங்கை வீட்டுக்கு நானே கொண்டுபோய்க் கொடுத்தேன். நல்லதைச் செய்கிறோம் என்ற மகிழ்ச்சி அன்று எனக்கு இருந்தது. தங்கை மகனுக்கு ஏதும் நேரவில்லை. அது நற்பேறு, என் அறிவு அன்று. ஆகவே, வாக்கர் கொடுத்த உறவினரிடம் கோபப்பட வேண்டாம். அவரும் என்னைப் போலவே நினைத்திருப்பார்.

நம் மரத்து நடைவண்டி இதிலிருந்து வேறுபட்டது. அதில் குழந்தை அமர்வதில்லை. தானே எழுந்து நின்று தள்ளிக்கொண்டு நடக்கிறது. எழுந்து நிற்கத் தெரிந்த குழந்தைக்கு, சமதளமான தரையில், பெரியவர் பக்கத்தில் இருக்க, அது ஏற்றது. சக்கரம் ஆடுகிறதா, ஆணி வெளியே நீட்டியிருக்கிறதா, சிலாம்பு குத்துமா என்று தடவிப் பார்க்க வேண்டும். அதன் வண்ணத்தைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும்.

பழைய வண்ணப்பூச்சும் ஈயமும்

நம் நாட்டில் வீட்டு உபயோக, அலங்கார வண்ணப்பூச்சுகளில் ஈயத்தின் அளவு பத்து லட்சம் பங்கில் 90 பங்குக்கு மேல் இருக்கக் கூடாது என்ற விதி 2016இல் வகுக்கப்பட்டு, 2017 நவம்பர் 1 முதல் நடைமுறைக்கு வந்தது. அதற்கு முன் பூசப்பட்ட பளபளப்பான சிவப்பு, மஞ்சள், பச்சைப் பெயின்ட்டுகளில் ஈயம் மிகுதியாக இருந்திருக்க வாய்ப்பு உண்டு. பரண்மேல் இருக்கும் நடைவண்டியும் மரத்தொட்டிலும் மரக்குதிரையும் பெரும்பாலும் அந்தக் காலத்தவை.

பல் முளைக்கும் குழந்தை கைக்கு எட்டிய விளிம்பைக் கடிக்கும். உதிரும் வண்ணத் துகள் வாய்க்குப் போகும். பெரியவரின் குடல் உறிஞ்சுவதைவிட நான்கைந்து மடங்கு ஈயத்தைக் குழந்தையின் குடல் உறிஞ்சக்கூடும். இரும்புச்சத்தும் சுண்ணாம்புச்சத்தும் குறைந்த குழந்தைக்கு இது இன்னும் கூடும். இரத்தசோகை மிகுந்த நம் பகுதியில் இது கவனிக்க வேண்டிய செய்தி. உடலில் சேரும் ஈயம் இரத்தசோகையை மேலும் மிகுவிக்கும். கற்கும் திறனையும் கவனத்தையும் குறைக்கும். இழந்த அந்தத் திறனை மருந்தால் முழுமையாக மீட்க இயலாது. குழந்தைக்குப் பாதிப்பில்லாத ஈய அளவு என்று ஒன்று இல்லை என்பது உலக சுகாதார நிறுவனத்தின் நிலைப்பாடு. பெரும்பாலும் வெளிப்படையான அறிகுறி எதுவும் இராது என்பதுதான் இதன் சூழ்ச்சி.

ஈயம் இருக்கிறதா என்று கண்ணால் பார்த்துக் கூற முடியாது. ஆகையால், 2017க்கு முன் வண்ணம் பூசிய பொருளில் வண்ணம் உரிந்தாலோ வெடித்தாலோ அதனைக் குழந்தைக்குக் கொடுக்க வேண்டாம். வீட்டில் உப்புத்தாள் போட்டுத் தேய்த்துப் புதுவண்ணம் பூசவும் வேண்டாம். தேய்க்கும்போது எழும் தூசியே மிகப் பெரிய ஆபத்து. அந்த மரத்தை வெந்நீர் அடுப்பில் எரிக்கவும் கூடாது. புகையிலும் சாம்பலிலும் ஈயம் சேரும். வண்ணம் பூசாத, வழவழப்பான பழைய மரச்சாமானுக்கு இந்தக் கவலை இல்லை.

தொட்டிலும் தூளியும்

சேலைத் தூளி நம் குழந்தைகளின் முதல் படுக்கை. அதன் துணி பழையதாக இருப்பது மென்மைக்கு நல்லது. இற்றுப்போனதாக இருப்பது ஆபத்து. வெளிச்சத்துக்கு எதிரே விரித்துப் பிடித்தால் இழை விலகிய இடம் தெரியும். கைமாறி வரும் தொங்கு ஸ்பிரிங், சங்கிலி, கொக்கி ஆகியவற்றில் துருவும் நெளிவும் உண்டா என்று பார்க்க வேண்டும். ஸ்பிரிங் சுருள்கள் ஓரிடத்தில் அகன்று விரிந்திருந்தால் அது தளர்ந்துவிட்டது என்று பொருள். குழந்தையைக் கிடத்தும் முன், அதைவிடப் பன்மடங்கு எடையுள்ள அரிசிப் பையை வைத்து ஆட்டிப் பார்ப்பது நல்லது. உத்தரத்தையும் அப்போதே பார்த்துவிடலாம்.

தூளியில் நேரும் மிகக் கொடிய விபத்து கைக்குழந்தைக்கு நேர்வதன்று. வெறும் தூளியில் ஏறி முறுக்கிச் சுற்றி விளையாடும் ஐந்து வயது, எட்டு வயது அண்ணன் அக்காளுக்குக் கழுத்து இறுகிவிடுகிறது. குழந்தை எழுந்தவுடன் தூளியைச் சுருட்டி, பிள்ளைகளுக்கு எட்டாத உயரத்தில் முடிந்து வைப்பதை ஒரு வழக்கமாகவே கொள்ளுங்கள்.

கம்பித் தொட்டிலிலும் மரத்தொட்டிலிலும் இரு கம்பிகளின் இடைவெளி 6 செ.மீ.க்கு மிகக் கூடாது. அதைவிட அகன்றால் உடல் நுழைந்து தலை சிக்கும். மெத்தைக்கும் பக்கத்துக்கும் இடையே இரண்டு விரலுக்கு மேல் இடமிருக்கக் கூடாது. மூட்டுகளில் திருகாணிக்குப் பதிலாகக் கம்பியோ கயிறோ கட்டியிருந்தால் அந்தத் தொட்டிலை ஏற்க வேண்டாம். குழந்தை தானே உட்காரவோ பிடித்து எழவோ தொடங்கியதும் எந்தத் தொங்கு தொட்டிலையும் விட்டுவிட வேண்டும்.

பொம்மைகள்: தொலைந்துபோன திருகாணி

மூன்று வயதுக்குட்பட்ட குழந்தைக்கான பொம்மையில் தொண்டையை அடைக்கும் அளவு சிறிய பாகம் இருக்கக் கூடாது என்பது தரவிதி. அதனை அளக்க ஆய்வகத்தில் 31.7 மி.மீ. விட்டமுள்ள சிறு குழாய் ஒன்றைப் பயன்படுத்துகின்றனர். அதனுள் முழுமையாக அடங்கும் பாகம் தோல்வியுற்றது. வீட்டில், பெருவிரலையும் சுட்டுவிரலையும் சேர்த்து உருவாக்கும் வளையத்தை ஏறத்தாழ அந்த அளவாகக் கொள்ளலாம். புதிதாக இருந்தபோது இச்சோதனையில் தேறிய பொம்மை, சக்கரமும் கண்ணும் பொத்தானும் கழன்ற பின் தேறாது. ஆகவே ஒவ்வொரு பாகத்தையும் அழுத்தமாக இழுத்துப் பாருங்கள். நீண்ட கயிறு இருந்தால் வெட்டிவிடுங்கள்.

பேட்டரிப் பொம்மையில் மூடியைத் திருகாணியால் பூட்டியிருப்பார்கள். கருவியின்றிக் குழந்தை திறக்கக் கூடாது என்பதற்கான ஏற்பாடு அது. கைமாறும் பொம்மைகளில் முதலில் தொலைவது அந்தத் திருகாணிதான். அதன் இடத்தில் ஒட்டுத்தாள் இருக்கும். உள்ளே இருப்பது காசு வடிவப் பட்டன் பேட்டரி என்றால், அது உணவுக்குழாயில் சிக்கிய இரண்டே மணி நேரத்தில் ஆழமான புண்ணை உண்டாக்கிவிடும். திருகாணி இல்லாத பொம்மையில் பேட்டரி போட வேண்டாம். சிறு காந்தங்கள் உள்ள பொம்மையும் இப்படித்தான். இரண்டு காந்தங்களை விழுங்கினால், குடலின் இரு மடிப்புகள் அவற்றுக்கிடையே நசுங்கித் துளைபடும்.

பால் புட்டியும் தலைக்கவசமும்

1992ஆம் ஆண்டின் குழந்தைப் பால் மாற்றுப்பொருள்கள், பால் புட்டிகள் பற்றிய சட்டப்படி, தர முத்திரை இல்லாத பால் புட்டியை விற்கக் கூடாது. ஆனால் அந்த முத்திரை இருக்க வேண்டிய இடம் புட்டியின் உறை. கைமாறி வரும்போது உறை இராது. பழைய வகைப் பிளாஸ்டிக்கில் பிஸ்பீனால்-ஏ என்னும் வேதிப்பொருள் இருந்திருக்கலாம். கீறல் விழுந்த புட்டியிலும் வெடித்த ரப்பர்க் காம்பிலும் கிருமி தங்கும். கொதிக்க வைத்தாலும் முழுமையாக நீங்காது. ஆகவே பழைய பால் புட்டி வேண்டாம். தாய்ப்பாலே போதுமான வயதில் புட்டியே வேண்டாம். பீய்ச்சிய தாய்ப்பாலை மருத்துவர் கூறியபடி புகட்ட நேர்ந்தால், பாட்டி காலத்து எவர்சில்வர்ப் பாலாடை, நன்கு கழுவிக் கொதிக்க வைத்த பின், எந்தப் புதுப் புட்டியையும் விட மேலானது.

இருசக்கர வண்டியில் செல்லும் ஒன்பது மாதம் முதல் நான்கு வயது வரையிலான குழந்தைக்குப் பாதுகாப்புப் பட்டையும் தலைக்கவசமும் தேவை என்றும், வேகம் மணிக்கு 40 கி.மீ.க்கு மிகக் கூடாது என்றும் 2022 பிப்ரவரியில் வெளியான மோட்டார் வாகன விதி கூறுகிறது. 2023 பிப்ரவரி 15 முதல் அது நடைமுறையில் உள்ளது. மதுரை - அருப்புக்கோட்டை நான்குவழிச் சாலையில் நாள்தோறும் குழந்தையை முன்னால் உட்கார வைத்துச் செல்வோர் இதனை மனத்தில் கொள்ள வேண்டும். தலைக்கவசத்தை இரவலாகப் பெற வேண்டாம். உள்ளிருக்கும் தெர்மோகோல் ஒருமுறை நசுங்கினால் மீண்டும் காப்பாற்றாது. நசுங்கியது வெளியே தெரியாது. தலைக்குப் பெரிதான கவசம் கழன்றும் போகும். பாதுகாப்புப் பட்டையில் கொக்கியும் தையலும் உறுதியாக இருந்தால் பயன்படுத்தலாம்.

மகிழ்ச்சியோடு பெற்றுக்கொள்ளுங்கள்

இத்தனை எச்சரிக்கைகளைப் படித்த பின், பழையது எல்லாமே தீங்கு என்று எண்ணிவிட வேண்டாம். நன்கு துவைத்து வெயிலில் உலர்த்திய பழந்துணியும் சட்டைகளும், தளர்ந்த பொத்தானையும் கழுத்துக் கயிற்றையும் நீக்கிவிட்டால், புதியவற்றைவிடத் தோலுக்கு இதமானவை. எவர்சில்வர்க் கிண்ணம், கரண்டி, படப் புத்தகம், விரிசலில்லாத கொசுவலைக் குடை, தைத்துச் சீராக்கிய துணிப் பொம்மை ஆகிய அனைத்தும் நல்லவையே. இவற்றில் மிச்சமாகும் பணம் முட்டைக்கும் பழத்துக்கும் உதவும்.

வாங்கும் முன் கேட்க வேண்டிய ஐந்து கேள்விகள்

1. இது எந்த ஆண்டு வாங்கியது? வண்ணம் பூசியதென்றால் 2017 நவம்பருக்கு முன்னரா, பின்னரா? பொம்மையென்றால் 2021க்கு முன்னரா, பின்னரா?
2. முத்திரையும் உரிம எண்ணும் இருக்கின்றனவா? செயலியில் அவை சரியாக வருகின்றனவா?
3. ஏதேனும் பாகம் தொலைந்திருக்கிறதா, மாற்றப்பட்டிருக்கிறதா, கட்டி ஒட்டப்பட்டிருக்கிறதா?
4. இழுத்தால், அழுத்தினால், கவிழ்த்துக் குலுக்கினால் ஏதேனும் கழன்று வருகிறதா?
5. என் குழந்தையின் இன்றைய வயதுக்கு இது ஏற்றதா?

முதல் இரண்டு கேள்விகளுக்கு விடை கிடைக்காமல் போகலாம். மூன்றாவது, நான்காவது கேள்விகளில் ஏதேனும் ஒன்றுக்கு 'ஆம்' என்றால் அந்தப் பொருள் வேண்டாம்.

நீங்கள் ஒரு பொருளைக் கொடுப்பவராக இருந்தால், பழுதை மறைக்காமல் சொல்லிக் கொடுங்கள். கொடுக்கத் தகாத வாக்கரையோ தொட்டிலையோ பழைய இரும்புக்காரரிடம் அப்படியே போட வேண்டாம். சக்கரத்தைக் கழற்றி, துணியைக் கிழித்து, மீண்டும் ஒரு குழந்தை பயன்படுத்த இயலாதபடி ஆக்கிவிட்டுப் போடுங்கள். கடையில் பழைய பொருளை விலைக்கு வாங்கினால் ரசீது கேட்டுப் பெறுங்கள். குறை நேர்ந்தால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915இல் முறையிடலாம்.

உடனே மருத்துவமனைக்கு வர வேண்டிய நிலைகள்

தலையில் அடிபட்ட பின் வாந்தி, மிகுந்த தூக்கம், வலிப்பு, மயக்கம், காது அல்லது மூக்கிலிருந்து நீரோ இரத்தமோ வடிதல், இடைவிடாத அழுகை ஆகியவற்றுள் ஒன்று இருந்தாலும் காத்திருக்க வேண்டாம்.

பட்டன் பேட்டரியை விழுங்கியதாக ஐயம் எழுந்தாலே உடனே புறப்படுங்கள். வாந்தி எடுக்க வைக்க வேண்டாம். குழந்தை ஒரு வயதைக் கடந்திருந்து, விழுங்கி 12 மணி நேரத்துக்குள் இருந்து, விழுங்கும் திறனும் இருந்தால், வரும் வழியில் பத்து நிமிடத்துக்கு ஒருமுறை இரண்டு தேக்கரண்டித் தேன் கொடுக்கலாம். ஆறு முறைக்கு மேல் வேண்டாம். வேறு உணவோ நீரோ வேண்டாம். தேனைத் தேடி நேரத்தைப் போக்கவும் வேண்டாம். ஒரு வயதுக்குட்பட்ட குழந்தைக்குத் தேன் கூடாது.

தொண்டை அடைத்து, அழவோ இருமவோ இயலாத ஒரு வயதுக்குட்பட்ட குழந்தையை, தலை தாழ இருக்கும்படி முன்கையில் குப்புறக் கிடத்தி, தோள்பட்டைகளுக்கு நடுவே உள்ளங்கையின் அடிப்பகுதியால் ஐந்து முறை தட்டுங்கள். பின் மல்லாக்கத் திருப்பி, நெஞ்செலும்பின் நடுவில் ஓர் உள்ளங்கையின் அடிப்பகுதியால் ஐந்து முறை அழுத்துங்கள். அடைப்பு நீங்கும் வரை மாறிமாறிச் செய்யுங்கள். கண்ணுக்குத் தெரியாத பொருளை விரலால் துழாவ வேண்டாம். இன்னொருவர் 108ஐ அழைக்கட்டும்.

பழைய வண்ணச்சாமானைக் குழந்தை நெடுநாள் கடித்துவந்தது என்று இப்போது நினைவுக்கு வந்தால் அஞ்ச வேண்டாம். அடுத்த வருகையின்போது சொல்லுங்கள். இரத்தப் பரிசோதனை தேவையா என்று சேர்ந்து முடிவு செய்வோம்.

கட்டுரையின் தொடக்கத்தில் கூறிய குழந்தை அண்மையில் தடுப்பூசிக்கு வந்தது. பாட்டியின் விரலைப் பிடித்துக்கொண்டு தானே நடந்து வந்தது. "வண்டிய ஒடச்சுப் போட்டுட்டோம் டாக்டர் ஐயா. கேட்டு வந்தவங்ககிட்டயும் குடுக்கல," என்றார் பாட்டி. ஆறாவது குழந்தை ஒன்று எங்கோ ஓர் ஊரில் அந்த வண்டியில் ஏறாமல் தப்பித்தது. உங்கள் வீட்டுப் பரணிலும் அப்படி ஒரு பொருள் இருக்கக்கூடும். இந்த வாரம் ஏறிப் பாருங்கள். ஐயம் இருந்தால் புறநோயாளிகள் பிரிவுக்கு வரும்போது அந்தப் பொருளையும் கொண்டுவாருங்கள். சேர்ந்து புரட்டிப் பார்ப்போம்.